நீ ஊரில் இல்லை என்று நான் சொன்ன நாள்

தம்பி,

நேற்று நீ நைனாவுக்குப் போன் செய்து, விசா வந்துவிட்டது, மாதக் கடைசியில் விமானம் என்று சொன்னாய். பத்து நிமிஷம் பேசினாய். அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள், தரட்டுமா என்று அவர் கேட்டதற்கு, அப்புறம் பேசுகிறேன், டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். நான் சாமை புடைத்துக்கொண்டு மூன்று அடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். போவதற்கு முன்னால் மலைக்கு வர லீவு கிடைக்காது என்று நீ சொன்னதும் என் காதில் விழுந்தது. ஐந்து மாதமாக உன்னோடு சண்டை போடக்கூட எனக்கு வழியில்லை. நான் போன் எடுத்தால் "ம்" என்கிறாய், "சரி" என்கிறாய், வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது. கிழித்துப் போட வேண்டுமென்றால் போடு. முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

இந்த ஜெர்மன் நம் வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்தே எனக்கு அதன்மேல் எரிச்சல்தான். நாலு வருஷம் வேலூரில் நர்சிங் படித்தாய், எல்லாம் இங்கிலீஷில். இரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலையும் பார்த்தாய். உன்னோடு வேலை செய்த ஒரு அக்கா ஜெர்மனி போய்விட்டாள் என்று நீயும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது, காய்ச்சலுக்கு எந்த பாஷையாக இருந்தால் என்ன, படித்த இங்கிலீஷ் போதாதா என்று கேட்டேன். அங்கே இருக்கிற வயசானவர்கள் வலிக்கிறது என்பதை ஜெர்மனில்தானே சொல்வார்கள் என்று நீ சொன்னாய். அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் எரிச்சல் போகவில்லை. கரண்டி ஆணாம், முள்கரண்டி பெண்ணாம், கத்தி இரண்டும் இல்லையாம். ஒவ்வொரு சாமானையும் அப்படி மனப்பாடம் பண்ண வேண்டும் என்றாய். சின்னப் பெண்பிள்ளை என்கிற வார்த்தையே ஆணும் இல்லை பெண்ணும் இல்லை என்று நீ சொன்ன அன்று, இந்த மாதிரி ஒரு பாஷையைப் பேசுகிறவர்கள் ஊரில் போய் என்ன பிழைப்பு என்று உண்மையாகவே கோபம் வந்தது. நீ சிரித்தாய். நம்மைப் போலவே அவர்களும் சில வாக்கியங்களில் வினைச்சொல்லைக் கடைசியில்தான் வைப்பார்கள், தமிழ் தெரிந்தவனுக்கு அது மட்டும் சுலபம் என்று என்னைச் சமாதானப்படுத்தினாய்.

வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் படிக்கிறேன் என்று நீ மலைக்கு வந்து தங்கிய அந்தப் புளி சீசனை நினைத்துப் பார்க்கிறேன். நைனா ஓடு தட்டுவார், நான் கொட்டை எடுப்பேன், நீ எதிரில் உட்கார்ந்து வார்த்தைகளை ஒப்பிப்பாய். எனக்கு அந்த எழுத்து படிக்க வராது என்பதால் ஒவ்வொரு வார்த்தையையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தாய். நான் தமிழில் "மூச்சு" என்பேன், "வீக்கம்" என்பேன், நீ ஜெர்மனில் சொல்ல வேண்டும். நீ சொல்வது தாளில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று நான் பார்ப்பேன். அப்புறம் நான் நோயாளி. நீ என் முன்னால் வந்து நின்று "வோ ஹாபன் ஸீ ஷ்மெர்ட்சன்" என்பாய். எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். நான் முழங்காலைக் காட்டுவேன், இடுப்பைக் காட்டுவேன். ஒருநாள் நைனா தலையைக் காட்டி, உங்க ரெண்டு பேராலயும் இங்கதான் வலிக்குது என்று சொன்னார். அவர் சொல்லி நான் சிரித்தது அந்த வருஷத்தில் அது ஒன்றுதான்.

ஏனென்றால் ஜெர்மன் பரீட்சையில் நீ தேறவில்லை. முதல் தடவை பேசுவதில் போயிற்று. இரண்டாவது தடவை காதால் கேட்டு எழுதுவதில் போயிற்று. இங்கே வீட்டில் போன் பேச மட்டும்தான் எடுக்கும், நெட் வேண்டுமென்றால் பாறைமேல் ஏற வேண்டும். அங்கேயும் காற்று வீசினால் ஆன்லைன் வகுப்பில் டீச்சர் பேசுவது பாதிப் பாதியாகக் கேட்கும். பாதி கேட்டுப் படித்தவன் பரீட்சையில் முழுசாகக் கேட்டு எப்படி எழுதுவான்? டவர் வேண்டும் என்று நானே இரண்டு முறை மனு எழுதி, ஊரில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். அந்த மனு எந்த ஆபீஸில் எந்தக் காகிதக் கட்டில் இருக்கிறதோ. அந்தக் கோபத்தை எல்லாம் யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் உன்மேல் காட்டினேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள், உனக்கு மட்டும் ஏன் வாய் வரவில்லை என்று நீ சோற்றில் கை வைத்திருக்கும்போது கேட்டேன். நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாய். அப்படியும் நான் நிறுத்தவில்லை. அடுத்த நாள் தட்டு வைக்கும்போது வேறு வார்த்தையில் அதையே கேட்டேன்.

உன் விஷயத்தில் நான் எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். ஆறாவது படிக்க உன்னைக் கீழே ஹாஸ்டலில் விட்டேன். நீ மூன்று முறை ஓடிவந்தாய். மூன்றாவது முறை பஸ் இல்லாத நாளில் காட்டு வழியாக நடந்தே ஏறி வந்து, காலில் முள்ளோடு வாசலில் நின்றாய். நான் முள்ளை எடுத்தேன், சோறு போட்டேன், அடுத்த நாள் காலையில் முதல் ஜீப்பில் உன்னைத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். ஏன் ஓடிவந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்வாய், சொன்னால் என் மனசு இளகிவிடும் என்று பயந்தேன். பெரிய பையன்கள் உன்னை அடித்தார்கள் என்பது எனக்குத் தெரிந்தபோது நீ காலேஜில் சேர்ந்திருந்தாய். நீ படித்து மேலே வந்துவிட்டதால் நான் செய்தது சரி என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படியே நம்பிக்கொண்டேன். உனக்கு எது நல்லது என்று முடிவு பண்ணிவிட்டு, நடுவில் யார் வந்து நின்றாலும் காதைப் பொத்திக்கொள்கிற பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது.

மூன்றாவது தடவை நீ தேறினாய். ஆடி பிறந்ததும் ஜெர்மனி ஆஸ்பத்திரிக்காரர்கள் வேலைக்கு எடுப்பதற்காக உன்னை வீடியோவில் பார்த்துப் பேச நாள் குறித்தார்கள். அவர்களுக்குக் காலை, நமக்கு மதியம் இரண்டு மணி. அது ஆடிப்பதினெட்டாக அமைந்தது. எனக்கு அங்கன்வாடி லீவு. சட்டை போட்டு, தலை வாரி, கீழே லுங்கியோடு நீ பாறைக்குப் போனாய். தூறல் இருந்ததால் நைனா தார்ப்பாயை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். யாரும் வந்து நடுவில் கூப்பிடக் கூடாது, ஆடு மாடு கூட இந்தப் பக்கம் வரக் கூடாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, பாறைக்குப் போகிற வழி தொடங்குகிற இடத்தில், நம் வாசலில் நான் உட்கார்ந்தேன்.

இரண்டே காலுக்கு குப்புசாமி அண்ணன் ஓடிவந்தார். அவர் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன், எனக்கே ஒரு தடவை எழுதிப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. அவர் மனைவி பச்சையம்மா அண்ணி பதினெட்டு வருஷமாக என்னோடு அங்கன்வாடியில் வேலை செய்கிறவள். பிள்ளைகளுக்கு ஆயா, உனக்கு அத்தை. நான் மீட்டிங் என்று கீழே போகிற நாளெல்லாம் உனக்குச் சோறு போட்டவள். அண்ணன் மூச்சு வாங்க நின்று, "டீச்சரு, தம்பி இருக்குதா?" என்று கேட்டார். அவ ஒரு மாதிரி பேசறா, வேர்த்து ஊத்துது, நிக்க முடியல, தம்பி வந்து பாத்தா தேவல என்றார். நான் எழுந்திருக்கக்கூட இல்லை. "இல்லண்ணே, கீழ ஆலங்காயம் போயிருக்கான்" என்று சொன்னேன்.

சொல்லும்போது நாக்கு தடுமாறவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நம் வாசலில் உன் பைக் நின்றுகொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். காலையிலிருந்து படையலுக்காக விரதம் இருந்திருப்பாங்க, மயக்கமாத்தான் இருக்கும், மூஞ்சில தண்ணி தெளிங்க, உப்பு போட்டு மோர் குடுங்க என்று நானே வைத்தியமும் சொல்லி அனுப்பினேன். அவளுக்குச் சர்க்கரை என்பது எனக்குத் தெரியும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும், அந்த நேரத்தில் இனிப்புத்தான் மருந்து என்பது எனக்குத் தெரியாது. சர்க்கரை வியாதிக்காரிக்குச் சர்க்கரை கொடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? உனக்குத் தெரியும். உன் பையில் விரலில் குத்திப் பார்க்கிற மெஷின் இருந்தது. நம் அடுப்பங்கரையில் வெல்லம் இருந்தது. நீ பத்து நிமிஷ ஏற்றத்தில் இருந்தாய்.

அன்று பண்டிகை என்பதால் ஜீப் ஒன்றும் உடனே கிடைக்கவில்லை. ஆம்புலன்ஸ் கீழே இருந்து ஏறி வருவதற்குள் நாமே இறக்கிவிடலாம் என்று அண்ணன் ஒரு ஜீப்பைத் தேடிப் பிடித்து அவளை ஏற்றியபோதே அவளுக்கு நினைவு இல்லை. ஜீப் போன பிறகுதான் நீ பாறையிலிருந்து இறங்கி வந்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. எடுத்துக்கிட்டாங்கம்மா என்று சொன்னாய். நைனா தார்ப்பாயை உதறிக்கொண்டே சிரித்தார். அந்தச் சந்தோஷத்துக்கு நான் உனக்கு ஒரு நிமிஷம் விட்டேன். ஒரு நிமிஷம்தான், எண்ணிக்கொண்டுதான் நின்றேன். அதற்குள் அண்ணன் வீட்டுப் பக்கம் கூட்டம் நிற்பதை நீயே பார்த்துவிட்டாய்.

என்ன ஆச்சு என்று கேட்டாய். சொன்னேன். அவர் என்னைத் தேடி வந்தாரா என்று கேட்டாய். வந்தார் என்றேன். "நீ இன்னா சொன்ன?" என்றாய். நான் சொன்னதைச் சொன்னேன். நீ கத்துவாய் என்று நினைத்தேன். நீ லுங்கியை மாற்றக்கூட நிற்காமல் பையை எடுத்து மாட்டிக்கொண்டு பைக்கை உதைத்தாய். கிளம்பும்போது மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்து, "எங்க வலிக்குதுன்னு கேக்கத்தான ஒரு வருஷமா படிச்சேன்" என்று சொன்னாய். அதை நீ கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

கீழே ஆஸ்பத்திரியில் நடந்ததை நீ நைனாவிடம் சொல்லி, அவர் எனக்குச் சொன்னார். குளுக்கோஸ் ஏற்றியதும் அத்தை கண்ணைத் திறந்தாளாம். ஆனால் வெகுநேரம் சர்க்கரை இல்லாமல் இருந்ததில் மூளை அடிபட்டிருக்கிறது, பேச்சு எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம். வராந்தாவில் அண்ணன் உன்னிடம், ஆலங்காயத்திலிருந்து எப்போது வந்தாய் தம்பி என்று கேட்டாராம். நீ, "இப்பதான் மாமா" என்று சொன்னாயாம். என்னைக் காட்டிக்கொடுக்க உனக்கு மனசு வரவில்லை. நான் சொன்ன பொய்யை நீயும் ஒருமுறை உன் வாயால் சொல்ல வேண்டி வந்தது. அடுத்த நாள் மலைக்கு ஏறி வந்து, பைக்கை இங்கேயே விட்டுவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு வேலூருக்குப் போய்ப் பழைய ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்ந்தவன் அப்புறம் வரவே இல்லை. அவள் பேச்சு போனது ஒன்று, உன்னையும் பொய் சொல்ல வைத்தது இன்னொன்று. இரண்டாவதைத்தான் நீ மன்னிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

எனக்கும் கோபம் இருக்கிறது, அதையும் கேள். முதல் கோபம் என்மேல், அதை எழுதிவிட்டேன். இரண்டாவது கோபம் யார்மேல் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. இத்தனை ஊருக்கும் சேர்த்து ஒரு பையன் வைத்திருக்கிற ஒரு மெஷின்தான் ஆஸ்பத்திரி என்றால், அந்தப் பையன் ஒரு மணி நேரம் பாறைமேல் உட்காரக் கூடாதா? அவன் தன் வேலைக்காக ஒரு மதியம் பேசக் கூடாதா? அன்று நான் உன்னைக் கூப்பிட்டிருந்தால் நீ போனை வைத்துவிட்டு ஓடிவந்திருப்பாய், ஒரு வருஷப் படிப்பு அங்கேயே நின்றிருக்கும், அதற்கும் என்னைத்தான் ஊர் பேசும், நீயும் ஒருநாள் இல்லை ஒருநாள் பேசுவாய். இப்படி எல்லாம் நான் தினமும் மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். எத்தனை வாதாடினாலும் கடைசியில் அந்த வாசலில் பைக் நிற்கிறது, அண்ணன் அதைப் பார்க்கிறார். அதற்குமேல் எனக்கு வாதம் ஓடவில்லை.

அண்ணி ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தாள். கை கால் நன்றாக இருக்கிறது, நடக்கிறாள், சிரிக்கிறாள். வார்த்தைதான் இல்லை. தண்ணீர் வேண்டும் என்றாலும் "அது" என்கிறாள், ஆடு கொல்லையில் நுழைந்தாலும் "அது" என்கிறாள். நாம் ஒன்று எடுத்துக் கொடுத்து அது அவள் கேட்டது இல்லை என்றால், தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். அங்கன்வாடியில் அவள் இடத்துக்கு யாரும் வரவில்லை, நானே சமைத்து நானே பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவளே எழுந்து வந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சுவரில் இருக்கிற படத்தைக் காட்டிப் பிள்ளைகள் ஆடு, மாடு, குடம் என்று கத்தும்போது அவளும் வாயை அசைத்தாள். அன்றிலிருந்து தினமும் வருகிறாள். நாலு வயசுப் பிள்ளைகள் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றன, தப்பாகச் சொன்னால் சிரிக்கின்றன, அவளுக்குக் கோபம் வந்து எழுந்து போய்விடுகிறாள், மறுநாள் திரும்ப வருகிறாள். இதுவரை பதினைந்து இருபது வார்த்தை வந்திருக்கிறது. "டீச்சரு" என்று இன்னும் வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைத் தேடும்போது நான் சொல்லிக் கொடுப்பதில்லை. எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் நான் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அண்ணி பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன். அன்று தம்பி ஊரில்தான் இருந்தான், பாறைமேல் வேலைக்குப் பேசிக்கொண்டிருந்தான், நான்தான் கூப்பிடவில்லை, ஆஸ்பத்திரியில் அவன் சொன்னது என்னைக் காப்பாற்றச் சொன்னது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தாமல் தீட்டிக்கொண்டே கேட்டார். அப்புறம் சொன்னார்: "தெரியும் டீச்சரு. வண்டி நின்னுதே." ஆஸ்பத்திரியில் நீ அதே வண்டியில் வந்து இறங்கியதையும் பார்த்தாராம். உனக்குப் பொய் சொல்ல வராது என்று உன் முகத்திலேயே தெரிந்ததாம். பாவமாக இருந்ததால் அவரே தலையாட்டிவிட்டாராம்.

அப்படியென்றால் அன்றைக்கே ஏன் என்னைக் கேட்கவில்லை, ஏன் ஒரு சத்தம் போடவில்லை என்று நான்தான் அவரிடம் எரிந்து விழுந்தேன். பார், அங்கேயும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவர் அரிவாளைக் கீழே வைத்தார். "எங்கன்னா மேலதான் இருக்கும்னு தோணுச்சி. ஒரு குரல் குடுத்திருந்தா தம்பி காதுல வுழுந்திருக்கும். டீச்சரு இல்லன்னு சொல்றாங்க, அதுக்குமேல எப்படி கேக்கறதுன்னு வந்துட்டேன்" என்றார். அரிவாளைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு, "அதுக்காக பரவால்லன்னு நான் சொல்ல மாட்டேன். அவ பேச்சு போயிட்ச்சி" என்றார். நானும் அந்த வார்த்தையை எதிர்பார்த்துப் போகவில்லை. எழுந்து வரும்போது அவராகவே உன்னைப் பற்றிக் கேட்டார். நீ ஜெர்மனி போகப் போகிறாய் என்பது அவருக்குத் தெரியும். "போறதுக்கு முன்ன ஒரு வாட்டி வந்து பாக்கச் சொல்லுங்க. இன்னா பண்ணா அவளுக்கு இன்னும் கொஞ்சம் பேச்சு வரும்னு தம்பிக்குத்தான தெரியும்" என்றார். அண்ணி என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, "அது" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நான் ஒருமுறை நீ ஊரில் இல்லை என்று பொய் சொன்னேன். ஐந்து மாதமாக அதை நீ உண்மையாக்கிக்கொண்டிருக்கிறாய். என்மேல் கோபம் என்றால் என்னோடு பேசாமல் இரு, எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இரு, நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் என்னைத் தண்டிப்பதாக நினைத்துக்கொண்டு நீ அவர்கள் வாசலை மிதிக்காமல் இருக்கிறாய். அதில் உனக்கு வெட்கம் எவ்வளவு, என்மேல் கோபம் எவ்வளவு என்று நீயே பிரித்துப் பார். வேலூரில் தினமும் எத்தனையோ பேருக்குச் சர்க்கரை பார்க்கிறாய். பேச்சு போனவர்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது என்று படித்தவன் நீ. நாலு வயசுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எதுவும் படிக்காத நான் செய்துகொண்டிருக்கிறேன். இது நியாயமா? நீ வந்து ஒருநாள் காட்டிவிட்டுப் போனால் போதும் என்கிறதைக்கூட நான் கடிதம் எழுதிக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

ஜெர்மனி போகாதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. போ. இத்தனை விலை கொடுத்துக் கற்ற பாஷையை வீணாக்காதே. அங்கே போனபிறகு ஒன்றை மட்டும் நினைவில் வை. உன்னைத் தேடி ஒருவர் வரும்போது, உன் நல்லதுக்கு என்று வாசலில் நின்று உனக்காகப் பதில் சொல்கிறவர்கள் எங்கேயும் இருப்பார்கள். ஆஸ்பத்திரியில் பெரிய நர்ஸாக இருக்கலாம், நாளைக்கு உன் மனைவியாக இருக்கலாம். உனக்குத் தூக்கம் வேண்டும், உனக்குப் பரீட்சை இருக்கிறது என்று அன்போடுதான் சொல்வார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ளாதே, ஆனால் அப்படி யாரையும் உனக்காக நிற்க விடாதே. என்னை நிற்க விட்டது நீயும்தான். யாரும் கூப்பிடக் கூடாது என்று நான் சொன்னபோது சரி என்று சொல்லிவிட்டுத்தான் பாறைக்குப் போனாய். இதை நான் உன்மேல் பழிபோடச் சொல்லவில்லை. ஐந்து மாதமாக நீ ஒருவனாகவே சுத்தமாக நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறாயே, அந்த இடம் அவ்வளவு சுத்தமில்லை என்று சொல்கிறேன். நம் மூன்று பேருக்கும், அண்ணனையும் சேர்த்து, அதில் பங்கு இருக்கிறது. என் பங்குதான் பெரிது. அதை நான் யாரிடமும் குறைத்துக் கேட்கவில்லை.

இன்னும் என்னென்னவோ எழுத நினைத்தேன். அங்கே குளிருமாம், கம்பளி வாங்கிக்கொள், முதல் மாதம் சாப்பாடு பிடிக்காது, பிடிக்காவிட்டாலும் சாப்பிடு, டூட்டியில் நேரம் போனது தெரியாமல் பட்டினி கிடக்காதே. இதை எல்லாம் நைனா போனில் சொல்லிக்கொள்வார். நான் சொன்னால் உனக்கு எரிச்சலாக இருக்கும், எனக்கும் அதைச் சொல்கிற உரிமை இப்போதைக்கு இல்லை என்றுதான் தோன்றுகிறது.

ஒரே ஒருநாள் வா. திருப்பத்தூரிலிருந்து வருகிற பஸ் நம் ஊருக்குப் பதினொன்றரைக்கு வந்து, மேலே போய்விட்டு, ஒரு மணிக்கு இறங்குகிறது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து நடந்தால் முதலில் அவர்கள் வீடுதான் வரும், நம் வீட்டுக்கு இன்னும் தூரம் ஏற வேண்டும். நீ ஏற வேண்டாம். நான் அன்று அண்ணியை அங்கன்வாடிக்கு வர வேண்டாம் என்று சொல்லி வீட்டிலேயே இருக்க வைக்கிறேன். நானும் அந்தப் பக்கம் வரமாட்டேன், நைனாவையும் அனுப்பமாட்டேன். உனக்கு இருக்கிற ஒன்றரை மணி நேரத்தையும் அவள் முன்னால் உட்கார்ந்து செலவு பண்ணு. அப்புறம் அதே பஸ்ஸில் ஏறிப் போ. எந்த நாள் வருகிறாய் என்று மட்டும் நைனாவுக்குப் போன் செய். அன்று பஸ் இறங்குகிற சத்தம் கேட்டால், நீ வந்துவிட்டுப் போய்விட்டாய் என்று தெரிந்துகொள்கிறேன்.

அம்மா